மதாமின் இடுப்பளவு

"மதாமுக்கு இன்னிக்கித் தலையிலேருந்து கால் வரைக்கும் தொடச்சி உட்டேம்மா. இடுப்பு என்னா வாகு! தாம்பாளம் மாதிரி விரிஞ்சி நிக்குது."

என் கணவர் ராமலிங்கம் இதைத் தன் அம்மாவிடம் சொன்னபோது நான் அவர் தட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. குழம்பு நிற்கவில்லை. சோற்றைத் தாண்டி, தட்டைத் தாண்டி, அவர் வேட்டியில் போய் விழுந்தது.

"பாத்து ஊத்து அஞ்சல," என்றார் மாமியார். மகன் ஒரு மதாமைத் தலை முதல் கால் வரை துடைத்துவிட்டு வந்திருக்கிறான், அந்த அம்மாளுக்குக் குழம்பு வீணானதுதான் கவலை.

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முதலியார்பேட்டையில் ஓட்டு வீடு. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தாலும், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் மிச்சம் மீதி மதாம்கள் இருந்தார்கள். தொப்பியும் குடையுமாக மார்க்கெட்டுக்கு வந்து கத்தரிக்காயை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார்கள். வெள்ளைக்காரப் பெண் என்றால் எங்கள் வாயில் மதாம். வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

இவர் டாக்டருக்குப் படிக்கிற இடத்தில் அட்டெண்டர். நோயாளி மதாம் யாரையோ குளிப்பாட்டி விடுகிற வேலையையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குளிப்பாட்டட்டும். அவள் இடுப்பின் வாகை எதற்காகப் பார்க்க வேண்டும்? பார்த்ததுதான் பார்த்தார், எதற்காக வீட்டில் வந்து சொல்ல வேண்டும்? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

தூக்குச் சட்டியோடு போனேன்

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் நான் வேலை பார்த்த நூல் ஆலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு அவர் வேலை பார்க்கிற இடத்துக்கே போனேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனதே கிடையாது.

வாசலில் இருந்த காவல்காரரிடம், "மதாம் எந்த ரூமுல இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலும்பு ரூமு. கடைசியில. ராமலிங்கம் சம்சாரமா நீ? மதாம பாக்கவா வந்த?" என்று கேட்டுவிட்டு, என்ன காரணமோ வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

கடைசி அறை ஜன்னல் திறந்திருந்தது. கண்ணை எரிக்கிற மருந்து நெடி. எட்டிப் பார்த்தேன். இரும்புக் கம்பியில் மாட்டி நிறுத்தியிருந்த ஓர் எலும்புக்கூடு. மண்டையோட்டின் மேல் பழைய வைக்கோல் தொப்பி, அதில் வெளுத்துப்போன நீல ரிப்பன். அதன் கையைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலாக, மெதுவாக, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் என் கணவர்.

தொப்பியின் கதையைப் பிறகு சொன்னார். அங்கே இருந்த ஒரு பிரெஞ்சுக்கார டீச்சரம்மா ஊருக்குக் கப்பல் ஏறுகிற அவசரத்தில் தொப்பியை அந்த எலும்புக்கூட்டின் தலையில் மாட்டிவிட்டு மறந்து போய்விட்டாராம். அன்றிலிருந்து அதற்கு மதாம் என்று பெயராகிவிட்டது. படிக்கிற பிள்ளைகள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அது மதாம்தான். இவரும் காலையில் அறையைத் திறந்ததும் "போன்சூர் மதாம்" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாராம்.

வெறும் எலும்பு என்று தெரிந்ததும் என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். இல்லை. இன்னும் கூடியது. மாமியாருக்கு இதெல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் கையை அவர் பிடித்திருந்த விதம். என் கையை அவர் அப்படி ஒரு நாளும் பிடித்ததில்லை.

என் கை

என் கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஆலையில் எனக்கு நூல் சிட்டம் சுற்றுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு, தோளை உயர்த்திக்கொண்டே செய்கிற வேலை. பிறவியிலேயே எனக்கு அகலத் தோள். ஆலை அதை இன்னும் அகலமாக்கியது. பாதம் பெரிது. என் வீட்டுக்காரர் செருப்பை நான் போட்டால் குதிகால் வெளியே தொங்கும். இடுப்பு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தெருக் குழாயில் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் அது பலகையில் வைத்த மாதிரி உட்காரும். ஒரு கையை வீசிக்கொண்டு, பேசிக்கொண்டு போவார்கள். நான் வைத்தால் சறுக்கிக்கொண்டு தொடைக்கு வரும். ஆகவே தோளில் வைத்துத் தூக்குவேன். "வராங்கடி முசியே," என்று ஒருத்தி சொல்ல, குழாயடி முழுக்கச் சிரிக்கும். முசியே என்றால் எங்கள் ஊரில் துரை, ஐயா. அவர்கள் வீசிக்கொண்டு போகிற அந்த ஒற்றைக் கையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். அப்படி ஓர் எரிச்சல் வரும்.

பொறாமை எனக்குப் புதிதில்லை. முதல் பொறாமை என் தம்பி மேல். சின்ன வயதில் அவனும் நானும் கையைக் கோத்துக்கொண்டு முறுக்குவோம். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். தண்ணீர் சுமந்து, மாவு இடித்து, விறகு உடைத்து வந்த பலம் அது. அவனோ ஒரு துரும்பை நகர்த்த மாட்டான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் குரல் உடைந்தது. அடுத்த வெயில் வருவதற்குள் முழங்கைக்கு மேலே சதை உருண்டு வந்துவிட்டது. ஒரு நாள் விளையாட்டாகக் கையைக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே முறுக்கிக் கீழே வைத்தான். தின்றதும் தூங்கியதும் தவிர அவன் எதுவும் செய்யவில்லை. சும்மா வந்தது அவனுக்கு. உழைத்து வந்ததை வைத்துக்கொண்டு நான் அவன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவனோடு கை கோக்கவே இல்லை.

ஆக, ஆம்பளைக்கு வருவது எனக்கு முழுசாக வரவில்லை. பொம்பளைக்கு வர வேண்டியதும் வரவில்லை. இந்த நிலைமையில்தான் என் வீட்டுக்குள் மதாம் வந்து சேர்ந்தாள்.

சாப்பாட்டு வேளைப் பாடம்

பெரிய டாக்டர் பாடம் நடத்தும்போது இவர் மூலையில் நிற்பார். பாடம் இங்கிலீஷில் நடக்கும். பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு, பாதியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"பொம்பளைக்கு நெத்தி எலும்பு வழவழன்னு இருக்குமாம். ஆம்பளைக்குப் புருவத்து மேட்டுல எலும்பு துருத்திக்கினு இருக்குமாம்," என்பார். மாமியார் உடனே என் நெற்றியைப் பார்ப்பார்.

"கைய நீட்டுனா பொம்பளைக்கு முழங்கைக்குக் கீழ வெளிப்பக்கமா ஒதுங்குமாம்." மாமியார் என் கையைப் பார்ப்பார். என் கை துடுப்பு போல நேராக நிற்கும்.

"மதாமுக்கு ஒதுங்குதாடா?"

"நல்லாவே ஒதுங்குதும்மா."

இந்த "நல்லாவே" எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. நான் ஏன் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறேன் என்றுதான் கேட்பார். மதாமுக்கு மார்கழியில் தூசு படாமல் இருக்கப் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு வந்தார் ஒரு நாள். எனக்கு இருமல் வந்து நாலு நாளாகியும் ஒரு சுக்கு வாங்கி வரவில்லை. சொன்னேன். "நீ மனுஷி, இருமுனா தெரியும். அது பாவம், சொல்லவா போவுது?" என்றார்.

இப்படியே ஒன்று, இரண்டு என்று வருஷம் போயிற்று. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியாருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "இடுப்புல எடம் இருந்தாத்தான குழந்த வந்து ஒக்காரும்? கொடமே நிக்கல, குழந்த எங்க நிக்கும்?"

அப்போது எங்கள் பக்கத்தில் இரண்டாம் கல்யாணம் பெரிய விஷயமில்லை. முதல்தாரம் சமையலறையில் இருப்பாள், அடுத்தவள் கூடத்தில் இருப்பாள். உழவர்கரையில் மாமியாருக்குத் தூரத்து உறவில் ஒரு பெண் இருந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் நடந்து வருவாளாம். அவளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் காய்கறி நறுக்குகிற நேரத்தில் ஆரம்பித்தது.

நூல்

ஒரு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு நூல் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஆலை நூல்தான், நான் வீட்டுக்குக் கொண்டுவந்த துண்டு நூல்களில் ஒன்று. இரண்டு பக்கமும் முடிச்சு.

"அத அங்கியே வையி. மதாமோட அளவு அது," என்றார் மாமியார்.

மகனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். இடுப்பு எலும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மதாமுக்கு வைத்துப் பார்த்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என் கணவர். என்னைக் கிணற்றடிச் சுவரோரம் நிற்க வைத்து, என் இடுப்பு எலும்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேடிக் கண்டுபிடித்து, மாமியார் நூலைப் பிடித்தார். முடிச்சு என் எலும்பைத் தாண்டிப் போய்க் காற்றில் நின்றது. இரண்டு விரற்கடை.

"உழவர்கரப் பொண்ணுக்கு முடிச்சுக்கு முடிச்சு சரியா நிக்குது," என்றார். அங்கேயும் போய் அளந்திருக்கிறார்.

அன்று என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். "அந்த நூல நீங்கதான் வெச்சி அளந்தீங்களா?"

"அம்மா கேட்டாங்க."

"எதுக்குன்னு கேக்கலியா?"

அவர் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். கேட்காமலே தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போது உழவர்கரைப் பெண் மேல்கூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவளை நான் பார்த்ததில்லை. இந்த மனிதர் ஒரு நூலை எடுத்து, என் ஆலை நூலை எடுத்து, அந்த மதாமின் இடுப்பில் குனிந்து வைத்துப் பார்த்திருக்கிறாரே, அந்தக் காட்சிதான் என்னைப் போட்டு அறுத்தது. செத்துப்போய் எத்தனையோ வருஷமான ஒருத்தியோடு என்னால் எப்படிச் சண்டை போட முடியும்?

முக்காலி

அந்தச் சமயத்தில் டாக்டருக்குப் படிக்கிற இடத்தில் ஒரு நாள் ஊர் மக்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மாமியார் மதாமை நேரில் பார்க்க ஆசைப்பட்டார். பெண் பார்க்க வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இது. என்னையும் வா என்றார். நானும் போனேன். எதிரியைக் கிட்டத்தில் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

எலும்பு அறையில் நல்ல கூட்டம். மெட்ராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டர், கண்ணாடி போட்டவர், கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு மர முக்காலி. ஒரு வேடிக்கை காட்டுவதாகச் சொன்னார். சுவரில் கால் விரலை ஒட்டி நின்று, அங்கிருந்து பாதத்துக்குப் பாதம் வைத்து, தன் பாதத்தால் இரண்டு பாத நீளம் பின்னால் வர வேண்டும். குனிந்து உச்சந்தலையைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, கீழே இருக்கிற முக்காலியை நெஞ்சுக்குத் தூக்க வேண்டும். அப்படியே சுவரில் கை வைக்காமல் நிமிர வேண்டும்.

முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். தூக்கினார். நிமிர முடியவில்லை. தலை சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு ஆண்கள் வந்தார்கள், அதே கதை. பிறகு நோஞ்சானாக ஒரு பெண் வந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு பூப்போல நிமிர்ந்தாள். கூட்டம் ஓவென்று கத்தியது.

"ஆம்பளைங்களுக்கு மேல் ஒடம்புல கனம் ஜாஸ்தி, பாதமும் நீளம். பொம்பளைங்களுக்குக் கனம் இடுப்புப் பக்கம். வேற ஒண்ணும் மந்திரம் இல்ல," என்றார் டாக்டரம்மா.

என் மாமியார் முந்தானையைச் செருகிக்கொண்டு போய்த் தூக்கினார். நிமிர்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "நீ போ."

போகாமல் இருந்திருக்கலாம். கூட்டத்தில் குழாயடிப் பெண்கள் இருந்தார்கள். மூலையில் துணியோடு என் கணவர் நின்றார், பக்கத்தில் தொப்பி போட்ட மதாம். பயந்து ஒதுங்கினாள் என்று அவள் முன்னால் பேர் வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. போனேன். முக்காலி எனக்கு ஒரு கனமே இல்லை. தூக்கினேன். நிமிரத்தான் வரவில்லை. உச்சந்தலை சுண்ணாம்புச் சுவரில் பதிந்து கிடந்தது. தோள் கீழே இழுத்தது. முக்கிப் பார்த்தேன்.

"முசியே! முசியே!" என்று ஒரு குரல். சிரிப்பு அலையாக வந்தது. முக்காலியை வைத்துவிட்டு, தலையில் சுண்ணாம்போடு நிமிர்ந்தேன்.

"இதுல என்ன இருக்கு? சில பொம்பளைங்களுக்கு வராது, சில ஆம்பளைங்களுக்கு வரும். எல்லாரையும் ஒரே அச்சுலயா வார்த்தாங்க?" என்றார் டாக்டரம்மா. யாரும் கேட்கவில்லை. மாமியார் மட்டும் சிரிக்காமல் நின்றார். வெள்ளிக்கிழமைக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உறுத்தலும் அவர் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் டாக்டரம்மாவிடம் கேட்டார். "அம்மா, புள்ள பெத்துக்கறதுக்கு இந்த மதாமுக்கு இருக்காப்போல இடுப்புதான சரியான இடுப்பு?"

"எந்த மதாம்?"

மாமியார் தொப்பியைக் காட்டினார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஐயோ, அது பசங்க வெச்ச கேலிப் பேருங்க. இது ஆம்பள."

படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களைப் பார்த்து இல்லை. அவர்களுக்கு இது பழைய தமாஷ். அங்கே இருந்த எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவர் என் கணவர் ஒருவர்தான். அவரும் தங்களைப் போலக் கேலியாகத்தான் மதாம் என்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றினார். புருவ மேடு துருத்திக்கொண்டிருந்தது. இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்பும் சேர்கிற இடத்துக்குக் கீழே தன் கையை வைத்துக் காட்டினார். "ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவுல எவ்ளோ சந்து, அவ்ளோதான் இங்க. பொம்பளையா இருந்தா கட்ட விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற மாதிரி அகலமா இருக்கும். மேல அகலத்த மட்டும் பாத்து ஏமாறக் கூடாது."

குளிர்ந்துபோயிற்று என் மனசு. நூலை நினைத்தேன். முடிச்சுக்கு முடிச்சு சரியாக நின்ற உழவர்கரைப் பெண்ணை நினைத்தேன். அங்கேயே வாய்விட்டுச் சிரித்திருப்பேன், என் கணவரின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். எழவு விழுந்த வீட்டில் நிற்பவர் போல நின்றார். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்காக அந்த முகம் ஒரு நாள் அப்படி ஆகியிருக்குமா என்று தோன்றியதும் என் சிரிப்பு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமியார் லேசில் விடுகிறவர் இல்லை. அடுப்பைப் பற்ற வைத்ததும் ஆரம்பித்தார்.

"அது ஆம்பளயா இருந்தா நமக்கு என்னா? வெள்ளிக்கிழம போறது போறதுதான். நீ வந்து பொண்ணப் பாத்து ஒரு வார்த்த சொல்லு."

தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுபோன என் கணவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா பாத்தேம்மா. பட்டப்பகல்ல பாத்தேன். சேல இல்ல, சத இல்ல, தோலு கூட இல்ல, எலும்பு எலும்பா தொடச்சிப் பாத்தேன். பொம்பளன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நாளைக்கி ஒரு பொண்ணு பூவு வெச்சி, பட்டு கட்டிக்கினு வந்து நின்னா, நான் என்னாத்தப் பாத்து, என்னாத்தச் சொல்லப் போறேன்? எனக்குப் பாக்கத் தெரியலம்மா. நான் வரல."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சுக்கு வாயைத் திறக்கவே இல்லை. பையன் வராமல் பெண் பார்க்கப் போனால் உழவர்கரையில் மதிப்பார்களா? வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மாமியார் அந்த நூலின் முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு, அதில் கனகாம்பரம் தொடுத்தார். பாதியைக் கிள்ளி என் பக்கம் நீட்டினார். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

கண்காட்சிக்கு மறுநாள் திங்கட்கிழமையே இவர் வழக்கம்போல் வேலைக்குப் போயிருந்தார். பிறகும் "மதாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "அது முசியேதான, மாத்திச் சொல்றதுதான?" என்று கேட்டேன். "பழகிப்போச்சி" என்றார்.

என் வாழ்க்கை தப்பித்தது அன்றைக்குத்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்று. அந்த அடுப்படியில் அவர் "அஞ்சல இருக்கா, எனக்கு வேற பொண்ணு வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பாக்கத் தெரியல என்றுதான் சொன்னார். அதையும் அவரைச் சொல்ல வைத்தவள் அந்த மதாம்தான்.